தார், ஜிம்னி, கூர்க்கா: ஆஃப்-ரோடு வண்டியின் இரும்புக் கவசம் ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறது? பெயின்ட் அடிக்கும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

மலைப்பாதை, ஆற்றுப்படுகை, கடற்கரை மணல் என்று தார்ச்சாலையைத் தாண்டி ஓடும் வண்டிகளுக்கு அடியிலும் பக்கவாட்டிலும் கூடுதல் இரும்புக் கவசம் பொருத்துவது வழக்கமாகிவிட்டது. வெல்டிங் பட்டறையில் செய்து, கறுப்பு பெயின்ட் அடித்து மாட்டிய அன்று பளபளவென்று இருக்கும். ஒரு மழைக்காலம் முடிந்ததும் ஓரங்களில் செம்பழுப்பு நிறம் எட்டிப் பார்க்கும். அடுத்த வருடம் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு உரியும்.

"பெயின்ட் சரியில்லை" என்று பழியை டப்பா மீது போடுவது சுலபம். ஆனால் பெரும்பாலான நேரங்களில் தவறு நடப்பது பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே. எங்கே நடக்கிறது, அதைத் தவிர்ப்பது எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

எந்தெந்த பாகங்கள்?

இந்தியாவில் மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா ஆகியவை தனிச் சேஸிஸ் மீது பாடி உட்காரும் வகை வண்டிகள். இவற்றில் பொதுவாகப் பொருத்தப்படும் இரும்புக் கவசங்கள் மூன்று.

• ஸ்கிட் பிளேட்: இன்ஜின், கியர்பாக்ஸ், டீசல் டேங்க் போன்றவற்றின் அடியில் கல் இடிக்காமல் காக்கும் தகடு.
• ராக் ஸ்லைடர்: கதவுகளுக்குக் கீழே, சேஸிஸுடன் போல்ட் போட்டு மாட்டப்படும் கனமான பைப். பார்க்க ஃபுட் போர்டு மாதிரி இருக்கும். ஆனால் பாறையில் வண்டி சாய்ந்து உட்கார்ந்தால் மொத்த எடையையும் தாங்க வேண்டியது இதுதான்.
• டிஃபரன்ஷியல் கார்டு: அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் பகுதிக்கான கவசம்.

இந்த மூன்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இவை அடி வாங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. கல் உரசினால் எந்த பெயின்டும் போகத்தான் செய்யும். அந்தக் கீறலோடு துரு நிற்கிறதா, அல்லது பெயின்டுக்கு அடியில் புகுந்து சேஸிஸ் வரைக்கும் ஊர்ந்து போகிறதா என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிப்பது பெயின்டுக்கு முன் நடக்கும் வேலை.

புது இரும்பிலேயே பிரச்சினை இருக்கிறதா?

இருக்கிறது. பட்டறைகளில் பெரும்பாலும் பயன்படுவது 'ஹெச்.ஆர். ஷீட்' எனப்படும், சூடாக உருட்டித் தயாரித்த தகடு. உருட்டும்போது காற்றுப்பட்டு அதன் மேல் கருநீல நிறத்தில் ஒரு தோல் உருவாகிறது. இதற்கு மில் ஸ்கேல் என்று பெயர். பார்க்க வழவழப்பாக, சுத்தமாக இருப்பதால் பலர் இதன் மேலேயே பிரைமர் அடித்துவிடுகிறார்கள்.

இந்தத் தோல் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை கொண்டது. கல் பட்டாலோ, தகடு வளைந்தாலோ செதில் செதிலாகக் கழன்று, மேலே இருக்கும் பெயின்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. விரிசல் விட்ட இடத்தில் தண்ணீர் புகுந்தால், மில் ஸ்கேலும் அடியில் இருக்கும் இரும்பும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்யத் தொடங்கும். அந்தப் பேட்டரியில் அரிக்கப்படுவது இரும்பு.

முதல் வேலை: எண்ணெய் எடுப்பது

இங்கேதான் வரிசை மாறிப்போகிறது. கிரைண்டரை எடுத்துத் தேய்த்துவிட்டு, பிறகு துடைப்பது பலரின் பழக்கம். சரியான வரிசை இதற்கு நேர் எதிர். தகட்டின் மேல் இருக்கும் எண்ணெய், கிரீஸ், கைரேகைப் பிசுக்கு எல்லாவற்றையும் முதலில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க் அந்த எண்ணெயைக் கீறல்களுக்குள் தேய்த்துப் பரப்பிவிடும்.

• முதலில் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, முழுசாக உலர விட வேண்டும்.
• பிறகு கிரீஸ் நீக்கும் கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, அது காய்வதற்குள் வேறொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தால் பிசுக்கு இடம் மாறுமே தவிர, போகாது.
• பட்டறையில் கிடக்கும் பழைய பனியன் வேஸ்ட்டைத் தவிர்ப்பது நல்லது. அதில் ஏற்கெனவே எண்ணெய் இருக்கும்.

முக்கிய எச்சரிக்கை: சில பிரேக் கிளீனர் ஸ்பிரேக்களில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். அதைத் தெளித்த இடத்தில் வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகலாம். வெல்டிங் வேலை பாக்கி இருக்கும் பாகத்தில் இதைப் பயன்படுத்தவே கூடாது.

துரு எந்த இடத்தில் தொடங்கும்?

தட்டையான பரப்பின் நடுவில் துரு தொடங்குவது குறைவு. அது முதலில் தேடுவது ஓரங்களையும் வெல்டிங் தையலையும்தான்.

கூரான ஓரத்தில் அடிக்கும் பெயின்ட், காயும்போது இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு விலகிவிடும். அதனால் முனையில் பெயின்ட் மெல்லிசாகிவிடுகிறது. கட்டிங் வீலில் அறுத்த ஓரங்களை ஃபிளாப் டிஸ்க் வைத்து உருட்டிவிட வேண்டும். இரும்புக் கட்டுமானங்களின் பெயின்ட் வேலைக்கான ஐ.எஸ்.ஓ. 12944 என்ற சர்வதேசத் தரமும் ஓரங்களைச் சுமார் 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டுவதைத்தான் நல்ல தயாரிப்பாகச் சொல்கிறது. விரலால் தடவினால் வெட்டக் கூடாது. வீட்டில் செய்து பார்க்க இந்தச் சோதனை போதும்.

வெல்டிங் செய்த இடத்தில் தெறித்து ஒட்டிய உருண்டைகளையும், ராடு வெல்டிங்கில் படியும் கசடையும் உளியால் தட்டி எடுக்க வேண்டும். கசடின் மேல் அடித்த பெயின்ட் கசடோடு கழன்று வரும். தையலில் ஊசித்துளைகள் இருந்தால் அதைப் பட்டி வைத்து மூடக் கூடாது. தோண்டி எடுத்துவிட்டு மறுபடியும் வெல்டிங் வைக்க வேண்டும்.

மூன்றாவது இடம், கண்ணுக்கே தெரியாதது. அதுதான் ராக் ஸ்லைடர் பைப்பின் உட்புறம். இரண்டு முனையையும் மூடிவிட்டாலும் போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். வெளியே வர வழி இல்லாவிட்டால் பைப் உள்ளிருந்தே அரிக்கப்படும். வெளியே பெயின்ட் புதுசு போலவே இருக்கும். அதனால் அடிப்பக்கத்தில், பைப்பின் தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை அவசியம். பெயின்ட் வேலை முடிந்த பிறகு உட்புறத்தில் மெழுகு வகை துருத் தடுப்பான் தெளிக்கலாம்.

எவ்வளவு தேய்க்க வேண்டும்?

இரும்பின் சாம்பல் நிறம் முழுமையாகத் தெரியும் வரை. கருநீலத் திட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதே சமயம் கண்ணாடி மாதிரி பாலிஷ் ஆகிவிடவும் கூடாது. பெயின்ட் பிடித்துக்கொள்ள நுண்ணிய சொரசொரப்பு வேண்டும். கையால் செய்பவர்கள் ஃபிளாப் டிஸ்க்கில் மில் ஸ்கேலை எடுத்துவிட்டு, 80 நம்பர் எமரி ஷீட்டால் முழுவதும் ஒரு முறை தேய்ப்பது பொருத்தமானது. கிரைண்டரில் மாட்டும் கம்பி பிரஷ் மட்டும் போதாது. அது மில் ஸ்கேலை எடுக்காமல் மேலே பளபளப்பாக்கிவிட்டுப் போய்விடும்.

சின்ன பாகங்களை வினிகரில் ஒரு நாள் ஊறவைத்தும் மில் ஸ்கேலை எடுக்கலாம். ஊறிய பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே உலர்த்த வேண்டும். தாமதித்தால் சில நிமிடங்களிலேயே மெல்லிய துரு படரும். அதை மறுபடி தேய்த்து எடுத்த பிறகே பிரைமர்.

எல்லாவற்றிலும் சிறந்தது பிளாஸ்டிங். அழுத்தக் காற்றோடு துகள்களை வீசி இரும்பைச் சுத்தம் செய்யும் முறை இது. மூலை முடுக்கெல்லாம் போகும், சரியான சொரசொரப்பையும் தரும். ஆனால் எந்தத் துகள் என்பது முக்கியம். சாதாரண ஆற்று மணலை வீசினால் அது உடைந்து நுண்ணிய சிலிக்கா தூசி பறக்கும். அது நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்ற குணப்படுத்த முடியாத நோயைக் கொடுக்கும். அதற்கு மாற்றாகப் பயன்படும் பொருள்களில் ஒன்று கார்னெட். தமிழ்நாட்டின் தென்கோடிக் கடற்கரை மணலில் இயற்கையாகக் கிடைக்கும் சிவப்பு நிறக் கனிமம் இதுதான்.

ஏற்கெனவே துருப்பிடித்த பாகத்துக்கு என்ன வழி?

உதிரும் துருவை முதலில் கம்பி பிரஷ், டிஸ்க் வைத்து எடுக்க வேண்டும். குழிகளுக்குள் ஒட்டிக்கொண்டு வராமல் இருக்கும் துருவுக்கு மட்டும் ரஸ்ட் கன்வெர்ட்டர் பயன்படும். அதில் இருக்கும் டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம், துருவை வேறொரு நிலையான சேர்மமாக மாற்றுகிறது. சுத்தமான இரும்பின் மேல் இதைத் தடவுவதால் பயன் இல்லை. உதிரும் துருவின் மேல் தடவினாலும் பயன் இல்லை.

சுத்தியலால் தட்டும்போது 'டங்' என்று கேட்காமல் மந்தமாகக் கேட்டாலோ, தகடு உள்ளே அமுங்கினாலோ அந்த இடத்தில் இரும்பே மிச்சமில்லை என்று அர்த்தம். அங்கே பெயின்ட் தீர்வாகாது. வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும்.

ரெட் ஆக்சைடு போதுமா?

பட்டறைகளில் முதலில் கைக்கு வருவது ரெட் ஆக்சைடு பிரைமர். ஜன்னல் கம்பிக்கும் வீட்டு கேட்டுக்கும் அது சரி. வண்டிக்கு அடியில், கல்லும் சேறும் தண்ணீரும் படும் இடத்துக்கு எபாக்சி பிரைமர் நல்லது. பிரைமர், ஹார்டனர் என இரண்டு டப்பாக்களாக வரும் வகை இது. கலந்ததும் வேதிவினை நடந்து இறுகும். இரும்பை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், ஈரத்தையும் எளிதில் விடாது.

துத்தநாகம் அதிகம் கலந்த ஜிங்க் பிரைமர் இன்னொரு வழி. கீறல் விழுந்தாலும், இரும்புக்குப் பதில் துத்தநாகம் தன்னை அரித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். ஆனால் அது வெற்று இரும்பை நேரடியாகத் தொட்டால் மட்டுமே வேலை செய்யும். பழைய பெயின்ட் மேலேயோ துரு மேலேயோ அடித்தால் அது வெறும் சாம்பல் நிற பெயின்ட்தான்.

எபாக்சிக்கு ஒரு பலவீனம் உண்டு. வெயில் பட்டால் மேற்பரப்பு சுண்ணாம்பு மாதிரி பொடிந்துவிடும். அதனால் அதன் மேல் வெயில் தாங்கும் பாலியூரிதேன் போன்ற மேல் கோட் கட்டாயம்.

சென்னை மாதிரி ஊர்களில் எப்போது அடிக்கலாம்?

குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளியே நீர் முத்துக்கள் அரும்புவதைப் பார்த்திருப்போம். காற்றில் இருக்கும் ஈரம் எந்த வெப்பநிலையில் அப்படி நீராகப் படியுமோ, அதற்குப் பனிநிலை என்று பெயர். இரும்பின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் துறையில் பொதுவாகப் பின்பற்றப்படும் விதி.

உதாரணமாக, காற்றின் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 26 டிகிரி. இரும்பு 30 டிகிரியில் இருந்தால் அடிக்கலாம். அதே வெப்பத்தில் ஈரப்பதம் 90 சதவீதமாக ஏறினால் பனிநிலை சுமார் 28 டிகிரி ஆகிவிடும். இடைவெளி 2 டிகிரிதான் என்பதால் அப்போது அடிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் பெயின்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.

நடைமுறையில் இதன் அர்த்தம்: கடலோர ஊர்களில் அதிகாலையும், வெயில் சாய்ந்த பிறகும் தவிர்த்து, வெயில் ஏறிய முற்பகலில், நிழலில் வைத்து அடிப்பது பாதுகாப்பு. கை வைக்க முடியாத அளவு வெயிலில் சுட்ட இரும்பிலும் அடிக்கக் கூடாது. பெயின்ட் பரவுவதற்கு முன்பே காய்ந்துவிடும்.

அடிக்கும் முறை என்ன?

1. தேய்த்த தூசியை ஊதி, கரைப்பானால் கடைசியாக ஒருமுறை துடைக்க வேண்டும். இதன் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது.
2. முதலில் ஓரங்கள், வெல்டிங் தையல், ஓட்டைகளின் விளிம்பு ஆகியவற்றுக்கு மட்டும் சிறிய பிரஷ்ஷால் பிரைமர் தடவ வேண்டும். துரு தொடங்கும் இடங்களுக்கு ஒரு கோட் கூடுதலாகக் கிடைக்கும்.
3. பிறகு முழு பாகத்துக்கும் பிரைமர். தேய்த்த அன்றே அடித்துவிட வேண்டும். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டால் இரவு ஈரத்தில் துரு திரும்பிவிடும்.
4. ஸ்பிரே டப்பா என்றால் உள்ளே குண்டு சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்து மெல்லிய கோட்டுகளாக அடிக்க வேண்டும். ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் வழியும், உள்ளே காயாது.
5. பிரைமருக்கும் மேல் கோட்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பது டப்பாவில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த நேரம் தாண்டிவிட்டால் பிரைமரை லேசாகத் தேய்த்த பிறகே மேல் கோட்.
6. வேறு வேறு வகை பெயின்டுகளைக் கலந்து அடித்தால் கீழ் கோட் சுருங்கித் 'தூக்கிவிடும்'. முதலில் ஒரு துண்டுத் தகட்டில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகப் பெயின்ட் தயாராகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. இரண்டு டப்பா வகை பெயின்டுகள் முழு பலம் பெற பொதுவாக ஒரு வாரம் ஆகும். அதுவரை கல் பாதைக்குப் போகாமல் இருந்தால் நல்லது.

எங்கெல்லாம் பெயின்ட் படக் கூடாது?

போல்ட் மரைகள், சேஸிஸில் உட்காரும் பரப்புகள், வண்டியின் எர்த் வயர் இணையும் இடம் ஆகியவற்றை டேப் ஒட்டி மறைக்க வேண்டும். போல்ட் தலைக்குக் கீழே கெட்டியான பெயின்ட் இருந்தால் அது நாளடைவில் அமுங்கும். இறுக்கம் குறைந்து போல்ட் தளரும். அந்தப் பரப்புகளுக்கு மெல்லிய பிரைமர் கோட் மட்டும் போதும். மாட்டிய பிறகு சில நாள் ஓட்டிவிட்டு, எல்லா போல்ட்களையும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்க்க வேண்டும். சேற்றில் சிக்கிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் கொக்கிகளில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இழுக்கும்போது கொக்கி கழன்றால் குண்டு மாதிரி பறந்து வரும்.

பவுடர் கோட்டிங் நல்லதா, பெயின்ட் நல்லதா?

பவுடர் கோட்டிங்கில், மின்னேற்றம் பெற்ற பொடியைத் தெளித்து, 180 முதல் 200 டிகிரி வரை சூடான அடுப்பில் உருக்கி இறுக வைக்கிறார்கள். சீரான பரப்பு, நல்ல கடினத்தன்மை, அழகு ஆகியவை இதன் பலம். பம்பர் போல அதிகம் உரசாத பாகங்களுக்கு ஏற்றது.

ஸ்கிட் பிளேட், ராக் ஸ்லைடருக்கு இதில் சிக்கல் உண்டு. பாறையில் உரசி ஒரு இடத்தில் உடைந்தால், ஈரம் அடியில் புகுந்து தோல் மாதிரி பெரிய பட்டையாக உரியக்கூடும். அதே கோட்டிங்கை வீட்டில் பழுதுபார்க்க முடியாது. ஆழமான உள் மூலைகளில் பொடி சரியாகப் படியாததும் ஒரு குறை. சொரசொரப்பான பெட் லைனர் கோட்டிங் அடியைத் தாங்கும். ஆனால் அதற்கு அடியில் துரு ஓடினால் வெளியே தெரியாது.

சாதாரண சாட்டின் பிளாக் பெயின்டுக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. கீறல் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்து, பிரைமர் வைத்து, அதே கறுப்பை அடித்தால் ஒட்டுப் போட்ட மாதிரி தெரியாது. அடி வாங்கப் போகும் பாகத்துக்கு, எளிதில் சரிசெய்யக்கூடிய கோட்டிங்கே நீண்ட நாள் வரும்.

உடல்நலம்: மாஸ்க் எது?

ஹார்டனர் கலந்த பாலியூரிதேன் பெயின்டுகளில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கும். அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு கூட மூச்சுத்திணறலைத் தரும். என்-95 மாஸ்க்கோ, முகத்தில் கட்டும் கர்ச்சீப்போ ஆவியைத் தடுக்காது. தொழில்முறையில் வெளிக்காற்றைக் குழாய் மூலம் தரும் முகக்கவசமே பரிந்துரைக்கப்படுகிறது. அந்த வசதி இல்லாதவர்கள் இந்த வகை பெயின்டை வீட்டில் ஸ்பிரே செய்யாமல் பெயின்ட் பூத் இருக்கும் இடத்தில் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு.

ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்யும்போது வரும் வெள்ளைப் புகையும் ஆபத்து. அதில் இருக்கும் துத்தநாகப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். வெல்டிங் செய்யும் இடத்தில் பூச்சை முதலிலேயே தேய்த்து எடுக்க வேண்டும். கிரைண்டர் தீப்பொறி பறக்கும் இடத்தில் தின்னர் டப்பா திறந்திருக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் புல் பார், கிராஷ் கார்டு வேறு கதை. இவற்றைப் பொருத்துவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு எதிரானது என்றும், நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பாதசாரி மீது மோதினால் காயம் மோசமாகும், மோதலின் வேகத்தை உணர்ந்து ஏர்பேக் விரிவதிலும் குளறுபடி வரலாம் என்பது இதன் பின்னணி.

2019 திருத்தச் சட்டத்தில் மாற்றியமைக்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். எனவே எந்தக் கவசமாக இருந்தாலும், செய்யக் கொடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் வண்டி நிறுவனத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது. வண்டி நிறுவனமே தரும் கவசம் இருந்தால் அதற்கே முன்னுரிமை தரலாம்.

பராமரிப்பு எப்படி?

• ஆஃப்-ரோடு போய் வந்ததும் ஸ்கிட் பிளேட்டின் மேல்பக்கத்தைக் கழுவ வேண்டும். அங்கே தங்கும் சேறு, ஈரத் துணி மாதிரி நாள்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.
• கடற்கரை மணலில் ஓட்டியிருந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவுவது அவசியம்.
• மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் ஒருமுறை ஸ்கிட் பிளேட்டைக் கழற்றி, மறைவாக இருக்கும் சேஸிஸ் பகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.
• தண்ணீர் வடியும் ஓட்டைகளில் சேறு அடைத்திருந்தால் குத்தி எடுக்க வேண்டும்.
• கீறல் தெரிந்தால் சுற்றியுள்ள பெயின்டின் விளிம்பு மறையும் வரை 180, பிறகு 320 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர், மேல் கோட் அடித்தால் அரை நாள் வேலையோடு முடிந்துவிடும்.

அதே கீறலை ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் மொத்தப் பாகத்தையும் கழற்றி, முதலில் இருந்து தேய்க்க வேண்டி வரும். அடுத்த பயணத்துக்கு டீசல் நிரப்புவதற்கு முன், ஒருமுறை வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிடுவது பல ஆயிரங்களை மிச்சப்படுத்தும்.